காற்றுக்கும் விலையா? – டயர்களில் நைட்ரஜன் நிரப்புதல் குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

வீசும் திசையறிந்து காற்றுக்குப் பெயரிட்டவர் தமிழர். தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றனர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றனர். மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் வழங்கினர். நான்கு பெயரிட்ட நம் முன்னோர் அதற்கு விலை ஒன்றும் குறிக்கவில்லை. இன்றோ நெடுஞ்சாலையோரத்துப் பெட்ரோல் நிலையங்களில் இரண்டு குழாய்களைக் காண்கிறோம். ஒன்றில் காற்று இலவசம். மற்றொன்றில் நைட்ரஜன், அதற்கு டயர் ஒன்றுக்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுக்க வேண்டும். அவ்வாறு நிரப்பிய டயரின் வால்வுக்குப் பச்சை நிற மூடி ஒன்றும் கிடைக்கிறது.

அந்தப் பச்சை மூடிக்குரிய பயன் உண்மையில் உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். தமிழ்த்துறையைச் சார்ந்தோர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக் கூடும். சொல்லின் பொருளை ஆராயாது ஏற்றுக்கொண்டமையால் நாம் ஒரு நாள் பட்ட பாடே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆகவே முதலில் அதனைக் கூறிவிடுகிறோம்.

ஒரு மே மாதத்துப் பயணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், நம் பெரியத்தாவின் பேத்திக்கு இராமநாதபுரத்தில் நிக்காஹ். தந்தையை இழந்த அப்பெண்ணுக்கு வலீயாக நின்று மணமுடித்துத் தர வேண்டியவர் பெரியத்தாவே. லுஹர் தொழுகைக்குப் பின் நிக்காஹ் என்று குறித்திருந்தனர். காலையில் அவரை நம் காரில் அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து புறப்பட்டோம்.

புதுக்கோட்டையைக் கடந்ததும் பெட்ரோல் நிரப்ப நிறுத்தினோம். அங்கு நின்ற பையன் பின்பக்க இடது டயரைக் காட்டி, காற்று குறைந்திருப்பதாகக் கூறினான். அளந்து பார்த்ததில் 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தது. அந்நிலையத்தில் சாதாரணக் காற்று மட்டுமே உண்டு. நம் டயர்களிலோ பச்சை மூடி.

“காத்துதானே தம்பி, அடிச்சிட்டுப் போவோமே” என்றார் பெரியத்தா.

“நைட்ரஜனோடு சாதாரணக் காற்றைக் கலக்கக் கூடாதாம் பெரியத்தா. நிரப்பியவர் சொல்லியிருக்கிறார். காரைக்குடியில் நைட்ரஜன் கிடைக்கும், நாற்பது கிலோமீட்டர்தானே” என்றோம்.

பெரியவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார்.

திருமயத்தைத் தாண்டிச் சிறிது தொலைவில் வண்டி இடப்புறம் இழுத்தது. பின்பு பெருஞ்சத்தம் எழுந்தது. டயரின் பக்கச்சுவர் கிழிந்து, வண்டி சாலையை விட்டிறங்கி, புளியமரம் ஒன்றுக்கு நான்கடி முன்னதாக நின்றது. பெரியத்தாவின் நெற்றி சன்னலில் மோதிக் காயம் பட்டது. இறைவன் காத்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. ஆண்டுக் கணக்கில் அதை நாம் தொட்டுப் பார்த்ததே இல்லை. பஞ்சர் கடைக்காரர் ஒருவரைத் தேடி அழைத்து வந்து, மாற்று டயர் பூட்டி, இராமநாதபுரம் சேர்ந்தபோது அசர் நேரமாகிவிட்டது. மண்டபம் முழுவதும் வலீக்காகக் காத்திருந்தது. நெற்றியில் கட்டுடன் பெரியத்தா உள்ளே நுழைந்ததைக் கண்ட அப்பெண் அழுத அழுகையை நாம் இன்னும் மறக்கவில்லை.

கிழிந்த டயரில் ஓர் ஆணி இருந்தது. அதைப் பிடுங்கி நம் கையில் கொடுத்த கடைக்காரர் கூறிய சொல் இது: “பாய், ஆணி போட்ட ஓட்டையில காத்தும் வெளியே போகும், நைட்ரஜனும் வெளியே போகும். ஓட்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

ஊர் திரும்பியதும் நம் கல்லூரி வேதியியல் துறை நண்பரிடம் சென்று மாணவனைப் போல் அமர்ந்து கேட்டோம். அவர் விளக்கியதும், பின்னர் நாம் தேடிக் கற்றதும் வருமாறு.

வளியின் கூறுகள்

நாம் சுவாசிக்கும் உலர்ந்த காற்றில், பருமன் அளவில், 78 விழுக்காடு நைட்ரஜன்; 21 விழுக்காடு ஆக்சிஜன்; எஞ்சிய ஒரு விழுக்காட்டில் பெரும்பகுதி ஆர்கான். ஆகவே இலவசக் குழாயில் வரும் காற்றிலும் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. நம் உழவர் பெருமக்கள் தழைச்சத்து என்று பயிருக்கு இடுவதும் இத்தனிமத்தைக் கொண்ட உரத்தையே. 1772இல் தானியல் ரூதர்போர்டு இதனைத் தனித்து அறிந்தார். பெட்ரோல் நிலையத்து இயந்திரம் எங்கிருந்தோ நைட்ரஜனைக் கொண்டுவருவதில்லை. சுற்றியுள்ள அதே காற்றை உறிஞ்சி, அதிலுள்ள ஆக்சிஜனையும் ஈரத்தையும் பெருமளவு வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சியதைத் தருகிறது. ஆகவே நாம் விலை கொடுப்பது நைட்ரஜனுக்கு அன்று. ஆக்சிஜனை நீக்கித் தருவதற்கே எனலாம்.

காற்றடைத்த டயரின் வரலாறு நீண்டது. 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்ட பின்னர், 1888இல் பெல்பாசுட்டு நகரின் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் உருவாக்கி வழக்கிற்குக் கொண்டுவந்தார். அன்று தொட்டு நூறாண்டுக்கு மேலாக உலகின் வண்டிகள் சாதாரணக் காற்றிலேயே உருண்டு வந்துள்ளன. அங்ஙனமாயின் ஆக்சிஜனை நீக்குவதால் விளையும் நன்மை யாது? கூறப்படும் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதற்கூற்று: நைட்ரஜன் கசியாது

கசியாது என்பது பிழை. மெல்லக் கசியும் என்பதே சரி. ரப்பர் நம் கண்ணுக்குத் திண்மையாகத் தோன்றினும், வாயு மூலக்கூறுகள் அதனூடே ஊர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. நைட்ரஜனைவிட ஆக்சிஜன் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக ரப்பரைக் கடக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறு பெரியது என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்வர். பெரியதுதான், ஆயின் வேறுபாடு மிகச் சிறிது. ஒன்றன் விட்டம் 0.364 நானோமீட்டர், மற்றொன்றன் விட்டம் 0.346. ஆக்சிஜன் ரப்பரில் கூடுதலாகக் கரைவதும் ஒரு காரணமாகும்.

நடைமுறையில் இதனால் விளையும் பயன் எவ்வளவு? அமெரிக்க நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 2007இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. 31 வகை டயர்களில் இணைக்கு ஒன்றாக நைட்ரஜனும் காற்றும் நிரப்பி, 30 பவுண்டு அழுத்தத்தில், ஓராண்டு வெளியில் வைத்தனர். ஆண்டு முடிவில் காற்று நிரப்பியவை சராசரி 3.5 பவுண்டும், நைட்ரஜன் நிரப்பியவை சராசரி 2.2 பவுண்டும் இழந்திருந்தன. வேறுபாடு ஓராண்டுக்கு 1.3 பவுண்டு. நன்மை உண்மையே, ஆனால் சிறிய நன்மை. இரண்டு வகையும் குறைந்தன என்பதையும், இரண்டுக்கும் மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆணித்துளையிலோ, பழுதான வால்விலோ, வளைந்த விளிம்பிலோ கசிவு நேரின் இச்சிறு வேறுபாடும் பொருளற்றதாகிவிடும். பஞ்சர் கடைக்காரர் கூறியது அறிவியல் உண்மை.

இரண்டாம் கூற்று: வெப்பத்தில் அழுத்தம் ஏறாது

இது பலரும் நம்பும் கூற்று. ஆனால் இயற்பியல் இதற்கு இடந்தரவில்லை. மூடிய கலத்தில் உள்ள வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு சேர்ந்து உயரும் என்பதை 1700களின் தொடக்கத்திலேயே பிரான்சு நாட்டு அறிஞர் அமோந்தோன் ஆராய்ந்து கூறினார். இவ்விதி எல்லா வாயுக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

கணக்கிட்டுப் பார்ப்போம். அளவி காட்டும் 32 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவு. வெளிக்காற்றின் 14.7ஐக் கூட்டினால் டயரினுள் இருப்பது 46.7 பவுண்டு. 30 பாகை செல்சியசில் நிரப்பிய டயர் ஓட்டத்தில் 60 பாகையை எட்டுமாயின், அளவி ஏறத்தாழ 36.5 காட்டும். உள்ளிருப்பது உலர்ந்த காற்றாயினும் நைட்ரஜனாயினும் இவ்வெண் மாறாது.

ஈரம் மட்டும் விலக்கு. காற்றடிக்கும் இயந்திரத்தின் தொட்டியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடிக்காவிட்டால், அந்நீர் டயருக்குள்ளும் சென்றுவிடும். நீராவியின் அழுத்தம் 30 பாகையில் ஏறத்தாழ 0.6 பவுண்டு, 60 பாகையில் 2.9 பவுண்டு. ஆகவே டயருக்குள் நீர்த்துளிகள் இருந்தால் வெப்பத்தில் கூடுதலாக இரண்டு பவுண்டுக்கு மேல் ஏறும். பந்தயக் கார்களுக்கு அரைப் பவுண்டும் பெரிது. ஆதலின் அவர்கள் உலர்ந்த நைட்ரஜனை நாடுகின்றனர். திருச்சிக்கும் இராமநாதபுரத்துக்கும் ஓடும் நம் காருக்கு, தொட்டியின் நீரை வடித்துவிட்டு அடிக்கும் காற்றே போதுமானது.

மூன்றாம் கூற்று: வானூர்தியில் பயன்படுவதே சான்று

வானூர்தியில் பயன்படுகிறது என்பது மெய். அதன் காரணத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். 1986 மார்ச்சு 31 அன்று மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 வானூர்தி விழுந்து நொறுங்கி 167 பேர் மாண்டனர். நிறுத்தி அளவிறந்து சூடேறியதால் சக்கர அறைக்குள் டயர் ஒன்று வெடித்ததே காரணமென அறியப்பட்டது; அந்த டயரில் நைட்ரஜனுக்கு மாறாகச் சாதாரணக் காற்று இருந்தது. மிகுந்த வெப்பத்தில் ரப்பரிலிருந்து வெளிப்படும் ஆவி, உள்ளிருக்கும் ஆக்சிஜனுடன் சேர்ந்து தீப்பற்றக் கூடும். எனவே பெரிய வானூர்திகளின் நிறுத்தி பொருந்திய சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என அமெரிக்க விதி வகுக்கப்பட்டது.

பல டன் எடையுடன் தரையிறங்கி, சில நொடிகளில் நிற்க வேண்டிய ஊர்தியின் தேவை அது. நம் கார் டயர்கள் வெடிப்பதற்குக் காரணம் உள்ளிருக்கும் ஆக்சிஜன் அன்று. அழுத்தம் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி நிமிர்கிறது. கம்பியை மாறி மாறி வளைத்தால் கை சுடுவது போல, பக்கச்சுவர் அதனால் சூடேறுகிறது. ரப்பரும் உள்ளே நெய்த இழைகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அதன்மேல் சுமையும் விரைவும் மே மாதத்துச் சாலையின் கொதிப்பும் சேர்ந்தால் டயர் கிழிகிறது. நம் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. அன்று புதுக்கோட்டையில் இலவசக் காற்றை அடித்துக்கொண்டு, ஊருக்குள் பஞ்சர் கடையைத் தேடியிருந்தால் பெரியத்தாவின் நெற்றியில் தழும்பு இருந்திராது.

நான்காம் கூற்று: இரண்டையும் கலக்கலாகாது

நம்மைக் கவிழ்த்த கூற்று இதுதான். இதில் உண்மை சிறிதும் இல்லை. காற்றென்பதே நைட்ரஜன் கலந்த வாயு. நைட்ரஜனோடு காற்றைச் சேர்த்தால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. நைட்ரஜனின் விழுக்காடு சற்றுக் குறையும், அவ்வளவே.

மாறாக, நைட்ரஜன் நிரப்பியதாக நாம் எண்ணும் டயரில் எவ்வளவு நைட்ரஜன் உள்ளது என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். காற்று முழுவதும் இறக்கிவிட்ட டயரிலும் வெளிக்காற்றின் 14.7 பவுண்டு எஞ்சி நிற்கும். அதன்மேல் தூய நைட்ரஜனையே 32 பவுண்டு நிரப்பினாலும், உள்ளே ஆக்சிஜன் 6.6 விழுக்காடு இருக்கும். அதனைக் குறைக்க ஒருமுறைக்கு மேல் நிரப்பி இறக்க வேண்டும். 26 பவுண்டு காற்றுள்ள டயரில், இறக்காமலே 32 வரை நைட்ரஜனை மேல்நிரப்பினால் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்கு இறங்கும். அதற்கு மேல் ஒரு மாற்றமும் இல்லை. அவ்வாறு மேல்நிரப்பிப் பச்சை மூடி போட்டுப் பணம் பெறுவோரிடம், “முன்னிருந்த காற்றை இறக்கினீர்களா?” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஐந்தாம் கூற்று: டயரின் ஆயுள் நீளும்

ஆக்சிஜன் ரப்பரை மெல்ல மெல்ல மூப்படையச் செய்கிறது என்பது வேதியியல் உண்மை. இரும்பு துருப்பிடிப்பதற்கு ஈரமும் ஆக்சிஜனும் காரணம் என்பதும் உண்மை. ஆயினும் டயரின் வெளிப்புறம் எந்நேரமும் காற்றிலும் வெயிலிலும் கிடக்கிறது. உள்ளே நைட்ரஜனை நிரப்புவதால் வெளியே வீசும் காற்று மாறிவிடாது. நாள்தோறும் ஓடும் காரின் டயர், உட்புறம் மூப்படைவதற்கு முன்னரே பெரும்பாலும் சாலையில் தேய்ந்துவிடுகிறது. சரியான அழுத்தத்தைக் காத்தால் டயர் சீராகத் தேயும். அந்த நன்மை அழுத்தத்தால் வருவது. வாயுவின் பெயரால் வருவதன்று.

வரவும் செலவும்

எரிபொருள் மிச்சமாகும் என்பர். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருள் திறன் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 667 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஆண்டிறுதியில் சேரும் 1.3 பவுண்டு வேறுபாடு தொடக்கம் முதலே இருந்ததாகக் கொண்டாலும் மிச்சம் 1.7 லிட்டர்தான். வேறுபாடு சிறிது சிறிதாகச் சேர்வதால் உண்மையில் அதில் பாதியே; ஒரு லிட்டருக்கும் குறைவு. நான்கு டயருக்கு இருபது ரூபாய் வீதம் ஒருமுறை நிரப்பவே எண்பது ரூபாய் ஆகிறது. இச்சிறு மிச்சமும் ஆண்டு முழுவதும் டயரை அளந்தே பாராதவருக்கு மட்டும் உரியது. மாதந்தோறும் அளந்து இலவசக் காற்றால் சரிசெய்பவருக்கு நைட்ரஜனால் வரும் மிச்சம் இல்லை என்றே கூறலாம்.

2019 சூலையில் மாநிலங்களவையில் பேசிய நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டயர்களில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்குவது குறித்து அரசு கருதிவருவதாகத் தெரிவித்தார். விபத்தைக் குறைக்கும் அவ்வெண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் அளந்து பார்க்கும் பழக்கம் வளராமல் வாயுவை மட்டும் மாற்றினால் அவ்வெண்ணம் ஈடேறாது என்பது நம் கருத்து.

செய்ய வேண்டுவன

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் காணப்படும். முன் டயருக்கும் பின் டயருக்கும் உரிய அழுத்தம் அதில் குறிக்கப்பட்டிருக்கும், அதுவே அளவு. வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் தவறாமல் அளக்க வேண்டும். சூடான டயரில் அளவு கூடுதலாகத் தெரிந்தால் காற்றை இறக்கலாகாது. ஸ்டெப்னியையும் அளக்க வேண்டும். ஒரு டயர் மட்டும் அடிக்கடி குறைந்தால், ஆணியோ வால்வோ காரணமாயிருக்கும். பஞ்சர் கடையில் காட்ட வேண்டும். பெட்ரோல் நிலையங்களில் காற்றை இலவசமாகத் தருவது எண்ணெய் நிறுவனங்களின் விதிகளில் அடங்கிய கடமை என்பதையும் நினைவிற் கொள்க.

நிறைவுரை

நைட்ரஜன் தீங்கன்று, ஏமாற்றும் அன்று. கசிவு சற்றுக் குறையும், ஈரம் இராது. விலையின்றிக் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளலாம். நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஓரளவு பயனும் உண்டு. நாளும் ஓடும் வண்டிக்கு அதற்கெனப் பணம் செலவிடுவது தேவையற்றது. தீங்கு விளைவது வேறோரிடத்தில்: பச்சை மூடியைக் கண்டதும், இனி அளக்க வேண்டியதில்லை என்று மனம் ஓய்ந்துவிடுகிறதே, அங்கே. நாம் விலை கொடுத்து வாங்கியது நைட்ரஜனை மட்டுமன்று. கவலையின்மையையும் சேர்த்தே வாங்கினோம். அதற்குரிய விலையைத் திருமயத்துச் சாலையில் கொடுத்தோம்.

மாணவச் செல்வங்களே, இலக்கியம் பயில்வோராயினும் அறிவியல் பயில்வோராயினும், ஒரு கூற்று காதில் விழும்போது அதன் மெய்ப்பொருளைக் கேட்டறிவது நம் கடமை. அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றே: “ஏன் கலக்கக் கூடாது?” அந்த ஒரு வினாவைக் கேட்கும் துணிவு, பட்டம் பெற்ற நம்மிடம் இல்லாமற் போயிற்று. பள்ளிப் படிப்பையும் முடிக்காத பெரியத்தாவிடம் விடையே இருந்தது: “காத்துதானே தம்பி.”

இப்போது நம் காரில் இருபுறமும் கறுப்பு மூடிகளே உள்ளன. முன்னறையில் காற்றழுத்த அளவி ஒன்று கிடக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று காலையில் நாம் ஐந்து டயர்களையும் அளக்கிறோம். திண்ணையில் அமர்ந்தவாறு பெரியத்தா எண்களைக் கேட்டுக்கொள்கிறார். ஐந்தாவது எண்ணைச் சொல்லும்வரை எழுவதில்லை.